சத்தம் எந்தப் பக்கம்?

லாரிக்காரர் லாரியை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பேர்தான் அவரை விடவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் லாரிக்காரர் வீடு என்றுதான் கை காட்டுவார்கள். முப்பத்தொரு வருஷம் ஸ்டீயரிங் பிடித்த மனுஷர். அந்தக் காலத்து லாரியில் எஞ்சின் டிரைவருக்கு இடப்பக்கம், முழங்கை தூரத்தில்தான் இருக்கும். அது ராப்பகலாக அலறி அலறி அவருடைய இடது காதைத் தின்றுவிட்டது. வலது காது பாம்புக் காது. ஒன்று போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்று அதை ஒரு குறையாகவே அவர் நினைத்ததில்லை.

வீட்டுக்காரம்மாவின் குறைதான் பெரிது. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், காலை ஆறு மணிக்கெல்லாம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். மெஷின் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்பும். ஆறரை வரைக்கும் ஆள் வராவிட்டால் நாற்காலி அடுத்தவருக்கு. ஒருமுறை வாடகைக் காருக்குச் சொல்லிவைத்தார்கள்; அந்த ஆள் வரவில்லை. இரண்டு நாள் அவள் மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தாள். அன்றைக்குச் சொன்னார்: "இனி எவனையும் நம்ப மாட்டேன். என் கையாலதான் உன்னக் கொண்டுபோவேன்." பிடிவாதம்தான். என்னைக் கேட்டால் நியாயமான பிடிவாதம்.

அதற்கென்றே வாங்கிய பழைய காரில்தான் இரண்டு வாரமாக ஒரு சத்தம். நேராகப் போனால் இல்லை. திருப்பத்தில் வளைத்தால் போதும், முன்சக்கரத்தில் டக் டக் டக் என்று பல்லைக் கடிக்கும். சக்கரத்தைச் சுழற்றுகிற ஆக்சில் தண்டின் நுனியில் ஒரு ஜாயிண்ட் இருக்கிறது, நம் மணிக்கட்டு மாதிரி. சுற்றவும் வேண்டும், வளையவும் வேண்டும். உள்ளே இரும்புக் குண்டும் கிரீசும், மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் மண் புகுந்து குண்டை அரித்துவிடும். அப்படியே விட்டால் ஒருநாள் நடுரோட்டில் வண்டி படுத்துவிடும்.

"என் கால் பக்கந்தாங்க கேக்குது," என்று முதல் நாளே சொன்னாள் அவள். அவள் உட்காருவது முன்னால், இடப்பக்கம்.

"வண்டி ஓட்டினவன் நானா நீயா? வலது பக்கம் கணீர்னு கேக்குது."

சரி என்று விட்டுவிட்டாள். வாதாடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

ஒருநாள் காலையில் திருப்பமெல்லாம் சத்தமாகிவிட்டது. மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டால், "வெளியூர்ல இருக்கேண்ணே, நாலு நாள் பொறுங்க" என்றான். விடிந்தால் நாற்காலி, எங்கே பொறுப்பது? கடையில் ஒரே ஒரு ஜாயிண்ட்தான் இருந்தது. அதையும் கிரீசையும், ரப்பர் உறை இரண்டையும் வாங்கிவந்து வாசலில் சாக்கை விரித்தார்.

சக்கரத்தின் நடு நட்டைக் கழற்ற, உள்ளே ஒரு ஆள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரமும் கூடவே சுற்றும். வீட்டில் இருக்கிறதே இரண்டு பேர். ஊசி குத்துகிற இடது கையால் அவள் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது.

"காலுக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல. நகருங்க," என்று ஏறி உட்கார்ந்தாள்.

"நல்லா மிதி. யாரையாச்சும் நெனச்சுக்கிட்டு மிதி."

"யாருன்னு சொன்னா நட்டுக்கு முன்னாடி நீங்க கழண்டுக்குவீங்க."

ஸ்பேனர் பிடியில் ஒரு குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று உதைத்தார். மூன்றாவது உதையில் நட்டு அழுதுகொண்டே இளகியது. ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் கீழ் இரும்புக் கையைத் தட்டி விலக்கி, தண்டை வெளியே இழுப்பதற்குள் இடுப்பு இரண்டாகிவிட்டது. வலப்பக்கத்து உறையில் வெடிப்பு ஓடி, கிரீஸ் கசிந்திருந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?"

சுத்தியலால் அடித்துப் பழைய ஜாயிண்டைப் பிரித்துத் துணியால் துடைத்தார். உள்ளே குண்டுகள் ஒரு கீறல் இல்லாமல் கண்ணாடி மாதிரி மின்னின. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'தேய்மானம் கண்ணுக்கா தெரியும்?' என்று தனக்கே சொல்லிக்கொண்டு அதைப் பழைய சாமான் டப்பாவில் வீசினார்.

புதியதைப் பூட்டி முடித்தபோது மணி இரண்டு. அவளை உட்காரவைத்துத் தெருமுனைக்கு ஓட்டினார். வலப்பக்கம் வளைத்தார்.

டக் டக் டக்.

எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லேன். சொல்லித் தொலையேன்."

"என்னத்தச் சொல்ல? உங்களுக்கு ஒரு காதுதான் கேக்குது. இருக்கிற காதுப் பக்கந்தான் எல்லாச் சத்தமும் வரும். சமையல்கட்டுல இருந்து கூப்பிட்டா வாசலுக்கு ஓடுற மனுசன் நீங்க."

முப்பத்தொரு வருஷத்து அனுபவம் அந்த ஒரு பேச்சில் காற்றுப் போன டயராகிவிட்டது. இறங்கி, இடப்பக்கம் போய் ரோட்டிலேயே மல்லாந்து படுத்தார். உறை மேல்பக்கம் வாய் பிளந்திருந்தது. அப்பியிருந்த சேறு இத்தனை நாள் அதை மூடிவைத்திருந்தது. விரலை விட்டார். கிரீஸ் இல்லை, மணல்.

வீட்டுக்கு ஊர்ந்து வந்து சாக்கில் உட்கார்ந்தார். "முடிஞ்சது. கடையில இருந்ததே அது ஒண்ணுதான். வரவழைக்க ரெண்டு நாள் ஆகும்."

இரண்டு நாள் என்றால் என்ன என்று இருவருக்குமே தெரியும். அவள் பழைய சாமான் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"காலையில ஒண்ண டப்பாவுல போட்டீங்களே, அது கெட்டதா?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நுனி ஜாயிண்ட் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு.

"அப்போ அதையே இந்தப் பக்கம்..." என்று இழுத்தார்.

"அப்போ எந்திரிங்க. வெளிச்சம் போறதுக்குள்ள."

டப்பாவில் கிடந்து தூசி ஏறிய ஜாயிண்டை அவளே வலது கையால் மண்ணெண்ணெயில் முக்கி முக்கிக் கழுவினாள். குண்டுகளின் இடுக்கில் நகத்தை விட்டு நோண்டினாள். பிறகு மறுபடி ஏறி பிரேக்கை மிதித்தாள். பாதம் அதற்குள் இட்லிப் பானை மாதிரி வீங்கியிருந்தது.

"முடியுதா?"

"முடியலன்னா விட்டுடுவீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

இந்த முறை நட்டு ஏழு உதை வாங்கியது. ஆறாவது உதையில் அவருக்குத் தலை சுற்றி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவள் பார்த்தாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

தெருவிளக்கு எரிவதற்கு முன்னால் சக்கரத்தை மாட்டிவிட்டார். தெருமுனையில் போய் இந்தப் பக்கம் இரண்டு வளைவு, அந்தப் பக்கம் இரண்டு வளைவு.

"சத்தம் இருக்கா?" என்று அவளிடம்தான் கேட்டார்.

செருப்பைக் கழற்றிப் பாதத்தை வண்டித் தரையில் பதித்துப் பார்த்தாள். "இன்னொரு தடவ வளைங்க."

வளைத்தார்.

"இல்ல. வீட்டுக்கு விடுங்க, படுக்கணும்."

மறுநாள் ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தாள். நர்ஸ் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா இது, நகமெல்லாம் கறுப்பு?"

"வண்டி வேலை."

"ஓய்வா இருங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஐயா எங்க? அவரக் கொஞ்சம் கூப்பிடுங்க, ரெண்டு வார்த்த கேக்கணும்."

"கார்ல தூங்குறாரு. மெஷின் முடிய நாலு மணி நேரம் ஆகும்ல? அதுவரைக்கும் எழுப்பாதீங்க."

நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கையையும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இடது கையில் ஊசியைக் குத்தினாள். மெஷின் சுற்ற ஆரம்பித்தது. அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.