எஞ்சினில் வைத்த பொட்டு

பழைய அமெரிக்கக் கார்களுக்கு மதிப்பு எழுதிக் கொடுப்பது என் தொழில். பெயின்றின் பளபளப்பைப் பார்த்து வாயைப் பிளப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். விலை பெயின்றில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது. எஞ்சினின் முன்பக்கத்தில் பொறித்திருக்கும் இலக்கம் காரின் இலக்கத்தோடு ஒத்துப்போனால் அது காரோடு கூடப் பிறந்த எஞ்சின். ஒத்துப்போகாவிட்டால் விலை பாதியாகிவிடும். இதை ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவன் நான்.

அன்று சிட்னியின் பிளாக்டவுனில், தெரிந்த அண்ணை ஒருவரின் கராஜில் அவருடைய காரின் முன் நின்றேன். அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கமரோ. ஆறு வருடங்களுக்கு முன் அவர் அதை வாங்கியபோது, பிழையென்றால் ஒரு கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். பார்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் அண்ணையின் மனைவி டயர்களுக்கடியில் தேசிக்காய் வைத்து, எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பி, கற்பூரமும் காட்டி முடித்துவிட்டார். பொட்டு சரியாக இலக்கத்தின் மேல். சாமிக்கு வைத்ததை எப்படித் துடைப்பது என்று தயங்கினேன். விற்றவரின் கடதாசியில் இருந்த எஞ்சின் இலக்கத்தை மட்டும் பார்த்து, 'அசல் எஞ்சின்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இப்போது அவர்கள் மெல்பர்னில், ரோவிலில் இருக்கும் மகளுக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறார்கள். திங்கட்கிழமை கட்ட வேண்டிய முற்பணத்தில் பெரும்பகுதி இந்தக் காரை விற்று வரும் காசுதான். வாங்க வந்த வெள்ளைக்காரர் நல்ல விலைக்குச் சம்மதித்துவிட்டார். நான் இலக்கத்தைப் பார்த்து உறுதி சொன்னால் போதும் என்று ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வருடாவருடம் ஆயுதபூசைக்கு வைத்த பொட்டு அங்கே தடித்துக் கறுத்திருந்தது.

"அக்கா, இதைத் துடைக்கவேணும்" என்று அண்ணையின் மனைவியிடம் சொன்னேன்.

"ஓம், பொறுங்கோ" என்று அவர் குசினியிலிருந்து ஈரத்துணி கொண்டுவந்து தானே துடைத்தார். எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசி மூன்றும் வேறு. இன்னொருமுறை வாசித்தேன். வேறுதான்.

காரின் இலக்கம் எழுதிய கடதாசி என் கையில்தான் இருந்தது. ஒத்துப்போகிறது என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் நம்பியிருப்பார். அந்தச் சொல் வாய்வரை வந்தது. அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது அந்தக் காரின் எஞ்சின் இல்லை என்று சொன்னேன்.

வந்தவர் பாதி விலை கேட்டார். யோசித்துச் சொல்லுங்கள் என்றுவிட்டுப் போய்விட்டார். அண்ணை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்கட சொல்லை நம்பித்தானே தம்பி திருப்பிக் குடுக்காமல் வைச்சிருந்தனான்" என்று மட்டும் சொல்லிக் கதிரையில் இருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குறை நினைப்பீர்களோ என்று அன்று பொட்டைத் துடைக்காமல் விட்டதை மறைக்காமல் சொன்னேன்.

அக்கா குங்குமக் கறை படிந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கும் நானே துடைச்சுத் தந்திருப்பன், தம்பி. நீங்கள் கேக்கேல்லை" என்றார்.