கொதிகலன் அறையில் முருகன்

லண்டன், லூயிஷாம், 1989. மூடிக்கிடக்கும் பிஸ்கட் தொழிற்சாலையின் கொதிகலன் அறையில் முருகன் குடியிருக்கிறார். சென்னையிலிருந்து வந்த நான் பழைய எந்திரங்களைப் பார்க்கப் போய், மணியோசை கேட்டு உள்ளே நுழைகிறேன். தீபாராதனையின்போது இரும்புக் கதவு அதிர்கிறது. கும்பிட்டு நிற்கும் எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

“போன கிழமை வெள்ளைக்காரப் பொடியங்கள் கல்லால எறிஞ்சவங்கள். சத்தம் போடாதேங்கோ,” என்கிறார் பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

“போலீசைக் கூப்பிடலாமே?” என்கிறேன்.

“எனக்கு இன்னும் விசா கிடைக்கேல்லை, ஐயா. என்னெண்டு கூப்பிடுறது?”

கதவு மறுபடி அதிர்கிறது. வெளியே குழந்தை அழும் சத்தம் கேட்டு நானே தாழ்ப்பாளை நீக்குகிறேன். ஒரு பெண் கைக்குழந்தையோடு விழுந்தடித்து உள்ளே வருகிறாள்.

“பின்னால வாறாங்கள், பூட்டுங்கோ!”

பூட்டுகிறேன். பூட்ஸ் சத்தம் வாசலில் வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் முதலில் வந்து கதவுக்குத் தோள் கொடுக்கிறார், பிறகு எல்லோரும்.