பிரவுன் தாள் சுற்றாத பாட்டில்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வாய்த்தது சாக்கடை வேலை. நாசூக்காகச் சொன்னால், ஊர்க் கழிவுநீர் வந்து சேரும் குளங்களில் மாதிரி எடுக்கும் வேலை. ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், வெயிலிலும் பாசியிலும் கிடந்து, தண்ணீர் தானாகவே தெளியும். கடைசிக் குளத்தின் வாயில் எங்கள் இன்ஜினியர் ஒரு தகரத் தொட்டி வைத்து, அதற்குள் புற ஊதா விளக்கு ஒன்றைப் பொருத்தியிருந்தார். மிச்சமிருக்கும் கிருமியை அந்த ஒளி கொன்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. நிரூபணமானால் அந்தத் தண்ணீரைக் காய்கறிக்குப் பாய்ச்ச அனுமதி கேட்கலாம். அதுவரை மாட்டுப் புல்லுக்கு மட்டும்தான்.

தினமும் காலையில் விளக்கைத் தாண்டி வரும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, பிரவுன் தாள் சுற்றி, சைக்கிளில் டவுன் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்கு அந்தத் தாள்தான் பிடிக்கவில்லை. சொந்தக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு நலம் விசாரித்த காலம் அது. தாளை உருவிப்போட்டுவிட்டு, பாட்டிலை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு கோச்சடை வழியாக மெதுவாக மிதிப்பேன். டீக்கடையில் நிறுத்தி, "சாக்கடைத் தண்ணிண்ணே இது, நம்புவீகளா?" என்பேன். "எம்புட்டுத் தெளிவா இருக்கு!" என்று யாராவது சொல்லாமல் கிளம்ப மாட்டேன். லேபிலும் ஆள் வரும்வரை, போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று கைப்பிடிச் சுவர்மேல் வெயிலில் வைத்திருப்பேன். மதியம் ஆகிவிடும். அந்த அற்பப் பெருமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் ஏக்கமுமாக வருகிறது.

முடிவுகள் பிரமாதம். கிருமியே இல்லை. இன்ஜினியர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். நானோ அனுமதி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. பக்கத்து நிலத்தில் மாட்டுப் புல் வளர்த்த அக்காவிடம், "தைரியமாக் கொத்தமல்லி போடுங்கக்கா, நான் சொல்றேன்ல" என்று அளந்துவிட்டேன். அவரும் நம்பிப் போட்டார்.

ஒருநாள் காலையிலேயே கரண்ட் இல்லை. விளக்கு எரியாததைக் கவனித்தும் பழக்கதோஷத்தில் மாதிரி எடுத்துக்கொண்டு போனேன். அதிலும் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அப்படியானால் கிருமியைக் கொன்றது எது? உருவிப்போட்ட தாள் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த முறை, விளக்கு எரியும்போதே இரண்டு பாட்டில் பிடித்தேன். ஒன்றுக்குத் தாள் சுற்றினேன், ஒன்றை வெறுமனே விட்டேன். வெறும் பாட்டில் சுத்தம். தாள் சுற்றியதில் கிருமி மண்டிக் கிடந்தது. இத்தனை மாதமும் கிருமியைக் கொன்றது விளக்கு இல்லை, வழியெல்லாம் என் பாட்டிலில் விழுந்த வெயில்.

விளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அதன்மேல் வழுவழுவென்று அழுக்கு படிந்திருந்தது. இன்ஜினியர் அறிக்கையை மூடிவைத்தார். "தாளை எதுக்குய்யா சுத்தச் சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார்.

அதைவிடக் கஷ்டம் அக்காவிடம் போனது. பாத்தி நிறையக் கொத்தமல்லி, பறிக்கிற பருவம். நடந்ததைச் சொல்லி, "விக்காதீகக்கா, எல்லாம் என் தப்பு" என்றேன். வசவு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் உங்க வீட்டுக்குக் கட்டுக் கட்டாக் குடுத்துவிட்டேனே தம்பி! புள்ளைக நல்லா இருக்குதுகளா?"

நன்றாக இருக்கிறார்கள் என்றதும்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கி, செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் வரப்பில் நின்று அழுதேன்.