பக்கத்து மேசையில் புஷ்பவல்லி

நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் புஷ்பவல்லி உட்காருவார். முகம் கண்ணாடிச் சுவரைப் பார்த்திருக்கும். காது மட்டும் பின்னால் உள்ள மேசையில் இருக்கும். பெண்ணும் பையனும் வந்து உட்காரப்போவது அங்கேதான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேரங்காடியின் மாடியில் இருக்கிறது அந்தக் காப்பிக் கடை. பாலும் சீனியும் போடாத தே ஓ தேநீர் ஒன்றை வாங்கி எதிரில் வைத்துக்கொள்வார். பெரும்பாலும் அது குடிக்கப்படாமலே ஆறிப்போகும்.

கல்யாணத் தரகர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "சம்பந்தம் பேசி விடுறேன், அவ்வளவுதான் லா" என்பார். அறுபத்தெட்டு வயது. கிள்ளானில் மகன் சுகுமாறன் வீட்டில் இருக்கிறார். என் தம்பிக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பழக்கத்தில் இந்தக் கட்டுரைக்காக அவரோடு சில சனிக்கிழமைகள் சுற்றினேன்.

முன்பெல்லாம் பெண் வீட்டுக்குத்தான் போவார்கள். கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, அறைக்குள் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டபடியே புஷ்பவல்லி ஒரே ஒரு புத்திமதி சொல்வாராம்: கேட்டால் பதில் சொல், நீயாக எதுவும் கேட்காதே. இப்போது பிள்ளைகள் முதலில் வெளியில் சந்திக்கிறார்கள். பிடித்தால்தான் பெரியவர்களுக்கு வேலை. புஷ்பவல்லி பக்கத்து மேசையில் இருப்பதற்குக்கூடச் சில பிள்ளைகள் சம்மதிப்பதில்லை.

அவருடைய குறைகள் எனக்கு மனப்பாடம். பையன்கள் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வருகிறார்கள். பெண்கள் 'ஹாய் ஆன்டி' என்று கையை ஆட்டிவிட்டு, கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். கிழிந்த ஜீன்ஸ், நீலச் சாயம் பூசிய முடி, எல்லாவற்றையும் அவர் சகித்துக்கொண்டார். சகிக்க முடியாதது ஒன்றுதான். "கட்டிக்கப்போறவனப் பாத்து 'என்ன ப்ரோ'ங்குறா. அவனும் சிரிக்கிறான். அப்புறம் அவ அவளுக்குக் காசு கட்டுறா, இவன் இவனுக்குக் கட்டுறான். என்ன பழக்கம் இது?"

ஆனால் பந்திங்கிலிருந்து வந்த பையன் ஒருவன் காப்பி சிந்தியபோது எழுந்துபோய்த் துணி வாங்கி வந்து, பெண்ணின் பக்கத்தையும் சேர்த்துத் துடைத்ததை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது குரல் தணிந்துவிடும்.

அன்றைக்கு வந்தவர்கள் முகுந்தனும் மலர்விழியும். முகுந்தன் காஜாங்கில் இருக்கிறான், பொறியாளர். அம்மா உஷாராணி, நான் வராமல் எப்படி என்று கூடவே வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தங்கைகள், நாத்தனார்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் புஷ்பவல்லிதான் பேசி முடித்திருக்கிறார்; இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தை நம்பித்தான் புஷ்பவல்லியின் பாதி வேலை நடக்கிறது. மலர்விழி கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து தனியாகவே காரோட்டி வந்தாள். அம்மாவுக்கு மருத்துவமனையில் வேலை நேரம். உஷாராணிக்கு அதுவே முகம் சுருங்கப் போதுமானதாக இருந்தது.

வேலை, சம்பளம், போய்வந்த ஊர்கள் என்று பேச்சு ஓடியது. பிறகு மலர்விழி கேட்டாள்.

"உங்களுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

முகுந்தன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் யோசித்தான். நல்ல பையன்தான், பொய் சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு.

"பேச மாட்டேன். சரியாகுற வரைக்கும்."

"எத்தனை நாள்?"

"அது... சொல்ல முடியாது. அம்மாகிட்டயே ஒரு தடவ மாசக்கணக்கா பேசல."

உஷாராணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மகனைப் பார்த்து, நேரமாகிவிட்டது, போகலாம் என்றார். அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பெண்ணிடம் மெதுவாக ஏதோ சொன்னான். மன்னிப்பு மாதிரி இருந்தது. அவனை முன்னால் போகவிட்டு, உஷாராணி எங்கள் மேசைக்குக் குனிந்தார். என் மகன் அமைதியான பிள்ளை, வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை, இது பெண் பார்க்கிற இடமா விசாரணைக் கூண்டா என்று கேட்டார். கடைசியாக, "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு போன் போட்டு, புள்ளைக்கு மரியாத சொல்லிக் குடுக்கச் சொல்லுங்கக்கா" என்றார்.

இப்படிச் செய்தி கொண்டுபோவது புஷ்பவல்லிக்குப் புதிதல்ல. இதைவிடக் கடுமையானவற்றையெல்லாம் சொல்லியிருக்கிறார். போனை எடுக்க அவர் கைப்பையைத் திறப்பார் என்று நினைத்தேன்.

"அத நான் சொல்ல மாட்டேன்மா" என்றார்.

உஷாராணி நிமிர்ந்தார். அப்படியென்றால் எங்கள் வீட்டுப் பக்கம் இனி நீங்கள் வர வேண்டியதில்லை என்றார். புஷ்பவல்லி தலையை ஆட்டினார். அவ்வளவுதான். எத்தனையோ வருடப் பழக்கம் முடிந்துபோனது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொமுட்டர் ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று நாங்கள் நின்றிருந்தபோது, தானும் கிள்ளான் பக்கம்தான், ஏறுங்கள் என்றாள் மலர்விழி. புஷ்பவல்லி முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். கூட்டரசு நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன.

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்றார் புஷ்பவல்லி.

அவர் கணவர் வேலாயுதம் இறந்து பல வருடம் ஆகிறது. கேரி தீவுத் தோட்டத்தில் செம்பனைப் பழக்குலை லோரி ஓட்டியவர். நான் அறிந்தவரை புஷ்பவல்லி அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ பேசியதே இல்லை. அன்று முன்கண்ணாடியைப் பார்த்தபடி, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். ஒரு பொங்கலுக்குக் கணவரிடம் சொல்லாமல் பந்திங்கில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாராம். அன்றிலிருந்து கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். தீபாவளி வந்து போனது, மறு பொங்கலும் வந்தது. ஒரே வீடு, ஒரே பாய். 'அம்மாவச் சாப்பாடு போடச் சொல்லு' என்று சிறுவன் சுகுமாறனிடம்தான் சொல்வார். புஷ்பவல்லி அடுப்படியில் கையெட்டும் தூரத்தில் நின்றிருப்பார். பிறகு ஒருநாள் கணவர் எதுவுமே நடக்காதது போல் பேசினார். அடுத்த கோபம் வரும்வரை பேசினார். வாழ்ந்த காலமெல்லாம் அப்படித்தான்.

"கை நீட்ட மாட்டாரு. குடிக்க மாட்டாரு. தோட்டத்து லயத்துல எல்லாரும் நான் குடுத்து வச்சவன்னு சொல்வாங்க. நானும் அதையேதான் போற வீட்டுலல்லாம் சொல்லியிருக்கேன். பையன் அமைதி, தைரியமா குடுங்கன்னு."

மலர்விழி சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு பேசாம இருந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க ஆன்டி?"

"சமைச்சேன்."

கார் கிள்ளானுக்குள் நுழைந்தது. மழை விட்டிருந்தது. சுகுமாறனின் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, மலர்விழி அவர் பக்கமாகத் திரும்பினாள்.

"உங்களுக்குக் கோவமே வரலயா?"

வீட்டுக்குள்ளிருந்து மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாள். நான் இறங்கி, புஷ்பவல்லி பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மலர்விழியையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் இருக்கைப் பட்டியின் சிவப்புப் பொத்தான்மேல் இருந்தது. அதை அழுத்தாமல், இன்னொரு கையை நீட்டி நான் திறந்த கதவை அவரே இழுத்துச் சாத்திக்கொண்டார்.