இடது இருக்கையின் ஈரம்

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பாதங்களில் உணர்வு பெரும்பாலும் போய்விட்டது. செருப்பு கழன்று பின்னால் கிடப்பது தெரியாமல் நடந்துகொண்டிருப்பாள். "சூடு, முள்ளு, கண்ணாடித் துண்டு, எதுவும் அவங்களுக்குத் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும். ஒரு சின்னப் புண்ணுகூட வரக் கூடாது" என்று மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று பின்னால் எந்த இடத்திலும் நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

எங்களுக்கு வீடு மலையடிவாரத்துப் போடியில். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மலை உச்சிக் கணவாயான மெட்டுக்கு அப்பால் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குப் போய்வர நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் ஹீட்டர் உண்டு. போடி வெயிலில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் மார்கழியில் மெட்டை நெருங்கும்போது பனிமூட்டமாக மஞ்சு இறங்கி, கண்ணாடி உள்பக்கமாகப் புகைந்துவிடும். மற்ற ஜீப்காரர்கள் ஒரு கையில் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். நான் குமிழைத் திருகுவேன். கண்ணாடி தெளிந்துவிடும், காலுக்கும் இதமாக இருக்கும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

இன்ஜினில் சுற்றும் சுடுநீரில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்கு வந்து திரும்பிப் போகும். மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் காயில் என்பார்கள். எங்கள் வண்டியில் அது இடது இருக்கையில் உட்காருகிறவரின் கால்களுக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே உட்காருகிறவள் என் மனைவி.

அந்த இடத்து விரிப்பு ஈரமாக இருப்பதை ஆவணியிலேயே பார்த்தேன். ஏலக்காய் எடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். பச்சைக்காயைக் கழுவிச் சாக்கில் கட்டி, பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு உலர்த்தக் கொண்டுபோவோம். பின்னால் இடம் போதாமல் கடைசி மூட்டையை முன்னால் இடது பக்கம் நிறுத்துவது எங்கள் வழக்கம். அதனால் ஈரம் ஏலக்காய் மூட்டையிலிருந்து சொட்டுவது என்று முடிவுகட்டினேன். உள்ளே ஓர் இனிப்பு வாடை வந்தது. ஏலக்காய் ஏற்றும் வண்டியில் இனிப்பு வாடை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? காய் எடுக்க வரும் பெண்களில் மூத்தவளை மழையில் நிறுத்தி வைத்துத் திட்டினேன். தண்ணீர் வடியாமல் சாக்கைக் கட்டுகிறாள் என்று குற்றம் சாட்டினேன்.

அவள் மழைக்குத் தலையில் போர்த்தியிருந்த கொங்காணியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "காயும் ஒங்களுது, சாக்கும் ஒங்களுது, வண்டியும் ஒங்களுது. ஈரம் மட்டும் எங்களுதா சாரு?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஏறியது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை அவளிடம் அதே சண்டையைப் போட்டேன்.

கார்த்திகையில் காய் எடுப்பு ஓய்ந்து, வண்டி ஒரு வாரம் லோடு இல்லாமல் நின்றது. விரிப்பை வெயிலில் உலர்த்திப் போட்டேன். மறுமுறை போடியைத் தாண்டி மலை தொடங்கும் முந்தல்வரை போய்த் திரும்பியதும் மறுபடி ஈரம். தொட்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று வழுக்கியது. முகர்ந்தேன். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். எத்தனையோ மாணவர்களுக்கு, அதில் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைப் பற்றி நடத்தியவன் நான். இனிப்பாக இருக்கும், குடித்தால் ஆபத்து என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். மாதக்கணக்கில் அதன் வாடைக்குள் உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறேன்.

மெக்கானிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "காயில் போயிருச்சு சார். மாத்தணும்னா டேஷ்போர்டு பூராங் கழட்டணும். இந்த வண்டிக்குச் சாமான் வர்றதும் நின்னு போச்சு. பேசாம ரெண்டு ஹோஸையும் ஒண்ணாச் சேத்து விட்ருவோம். தண்ணி உள்ள வராது, வெளியவே சுத்திட்டுப் போயிரும்."

"ஹீட்டர்?"

"இருக்காது."

"அப்படீன்னா வேண்டாம்."

"போடிக்காரருக்கு எதுக்கு சார் ஹீட்டரு? அடிக்கிற வெயிலு பத்தலையா?"

நான் சிரிக்கவில்லை. உருப்படியான வழி வேண்டும் என்றேன். அங்கிருந்துதான் என் அலைச்சல் ஆரம்பித்தது.

லாரிக்காரர்கள் செய்வதுபோல ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டேன். படித்த படிப்புக்கு அது கேவலம் என்று தெரிந்தே, அடுக்களையிலிருந்து டப்பாவோடு எடுத்துப் போனேன். சில நாள் ஒழுகவில்லை. பிறகு மெட்டு ஏறும்போது ஒரு வளைவில் இன்ஜின் கொதித்து, மூடியின் வழியாக மஞ்சள் தண்ணீர் பொங்கி வழிந்தது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் ஒன்று வேகம் குறைந்தது. "என்ன சார், சாம்பாரு கொதிச்சிருச்சா? எறக்கி வைங்க!" என்று டிரைவர் கத்தினான். உள்ளே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்து மதுரையில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி ஒரு காயில் வாங்கி வந்தேன். மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றினார். வண்டியின் குடல் எல்லாம் வெளியே தொங்குவதுபோல் வயர்கள் கிடந்தன. காயில் அளவு ஒத்துவரவில்லை. எதையோ வெட்டி, எதையோ கட்டி உட்கார வைத்தார். திரும்ப மாட்டியபோது சில திருகாணிகள் மிச்சமாகிவிட்டன. அதுமுதல் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டேஷ்போர்டு கடகடவென்று ஆடியது. பதினைந்து நாளில் மறுபடியும் விரிப்பு ஈரம்.

"காயில் நல்லாத்தேன் இருக்கு சார். ஹோஸ் மாட்டுற வாய்தேன் ஒழுகுது" என்றார் மெக்கானிக்.

"வாய் ஒழுகினா என்ன, வயிறு ஒழுகினா என்ன? ஒழுகுதில்ல?"

"அதுக்குத்தேன் அன்னைக்கே சொன்னேன். இப்பவாவது கேளுங்க. நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஹோஸைச் சேத்துர்றேன்."

தை கழியட்டும், குளிர் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இவ்வளவு பாடுபட்டபின் தோற்றுப்போக மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஒரு நாள் வண்டியில் என் மனைவி கேட்டாள். "என்னங்க, ஒரு மாதிரி இனிச்ச வாடை வருதே?"

"ஏலக்கா வாடைதான்."

"எனக்கா ஏலக்கா வாடை தெரியாது? கீழ வேற நசநசன்னு கெடக்கு."

"காய்த் தண்ணிதான். சாக்க மடிச்சுப் போட்டிருக்கேன், அது மேல கால வையி."

அப்போது வண்டியில் காய் ஏற்றிப் பல நாள் ஆகியிருந்தது. நான் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். மெக்கானிக்கிடம் அலைவதைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்று சொன்ன பொய்.

பொங்கலுக்கு முந்தின வாரம் விடியற்காலையில் இருவரும் தோட்டத்துக்குக் கிளம்பினோம். மெட்டுக்குக் கீழே மஞ்சு அடைத்துக்கொண்டது. குமிழை முழுதாகத் திருகினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சால்வையைக் கால்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிவதற்குப் பதிலாக எண்ணெய் பூசியதுபோல் மங்கியது. வாடை குப்பென்று ஏறியது. காயில் நன்றாகவே திறந்துகொண்டது என்று புரிந்தது. நிறுத்தியிருக்கலாம். ஓரம் கட்ட அகலமான இடமும் வந்தது. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன், ஏறவில்லை. இன்ஜினுக்கு ஆபத்து இல்லை என்று கணக்குப் போட்டேன். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். கொதிக்கும் நீர் எங்கே இறங்கும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

தோட்டத்து வீட்டில் இறங்கியதும் அவள், "சேல பூராம் நனைஞ்சிருக்கு, பாருங்க ஒங்க காய்த் தண்ணிய" என்று சலித்துக்கொண்டே உள்ளே போனாள். வலியில்லாததால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. மாலையில் கால் கழுவும்போதுதான் கூப்பிட்டாள். வலது காலின் சுண்டுவிரலைச் சுற்றித் தோல் பொங்கி, ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

கொப்புளம் புண்ணாயிற்று. புண் கறுத்தது. மதுரை மருத்துவமனையில் சேர்த்தோம். பக்கத்து விரலையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் சுண்டுவிரலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காயில் ஒழுகுவது கார்த்திகையிலேயே எனக்குத் தெரியும் என்றேன். வழியில் நிறுத்தாமல் ஓட்டியதையும் சொன்னேன்.

அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப காய் எடுக்க வந்தவள எதுக்கு மழையில நிக்க வச்சு வஞ்சீங்க?" என்று கேட்டாள்.

நான் அவள் காலைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"போயி அவகிட்டச் சொல்லுங்க. எங்கிட்ட என்னத்தச் சொல்றீங்க?"

போடி வந்ததும் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் இரண்டு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கிளிப்பை இறுக்கினார். எதிர்க்கடையில் எனக்குச் சொன்ன டீ வரும் முன்பே வேலை முடிந்துவிட்டது. "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். "இருக்கா" என்றேன்.

புண் ஆறி, மருத்துவர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு சித்திரையில் தோட்டத்துக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். நான் இடது பக்கம் புது விரிப்பு போட்டு, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்து, கையால் தடவிக் காய்ந்திருக்கிறது என்று உறுதிசெய்திருந்தேன். கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

"நீங்க கெளம்புங்க. நான் பஸ்சுல வந்துர்றேன்" என்றாள்.

"ஹோஸைச் சேத்தாச்சு. ஒரு சொட்டு வராது."

"வராதுன்னு நீங்க சொல்றீங்க."

கதவைச் சாத்தினேன். பேருந்து நிலையத்தில் அவளை ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் பின்னாலேயே மலை ஏறினேன். வளைவுகளில் அது திணறியது. எத்தனையோ இடங்களில் முந்திப் போயிருக்கலாம், போகவில்லை. மெட்டில் அவள் கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் வைக்காமல் பார்த்து இறங்கினாள். நான் ஓடிப் போய்க் கையை நீட்டினேன். அவள் பையைத்தான் என் கையில் கொடுத்தாள்.