நசுங்காத தேசிக்காய்

தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும்.

ஹரோவில் எங்கள் வீட்டு வாசலில் என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஜாக்கில் ஏற்றி, பின்பக்கச் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் நானே கழற்றிப் பூட்டினேன். பின்சில்லுகளைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பம்பரம் மாதிரிச் சுழன்றன. காரைத் தரையில் இறக்கினேன். மனைவியையும் ஏற்றிக்கொண்டு நேரே மோட்டார்வேக்குப் போவதாக இருந்தேன்.

அவள் நான்கு தேசிக்காய்களோடு வந்தாள். "என்னப்பா, சில்லுக்கு முன்னாலை இதை வைக்காமல் எடுக்காதேங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிரேக் பூட்டினது நான். உம்மடை தேசிக்காயோ காரை நிப்பாட்டப் போகுது?" பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்குமளவுக்குக் கத்தினேன். அவள் குனிந்து நான்கையும் வைத்தாள்.

ஆத்திரத்தோடு காரைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்தேன். இழுவையாக இருந்தது. புதுப் பிரேக் அப்படித்தான் என்று நினைத்து இறங்கினேன். மூன்று காய்கள் நசுங்கியிருந்தன. பின் இடப்பக்கத்துக் காய் மட்டும் முழுசாகச் சரளைக்கல்லில் தள்ளுண்டு கிடந்தது. அந்தச் சில்லு சுற்றவே இல்லை!

அந்தப் பக்கத்து ஹேண்ட்பிரேக் கேபிளைச் சஸ்பென்ஷனுக்குப் பிழையான பக்கத்தால் விட்டிருந்தேன். ஜாக்கில் தளர்ந்திருந்த கேபிள், கார் தரையில் அமர்ந்ததும் இறுகிப் பிரேக்கைப் பிடித்துவிட்டது.

அவள் நசுங்கின காய்களைப் பொறுக்கத் தொடங்கினாள். ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

கேபிளைத் திருத்திய பிறகு, "தேசிக்காய் கொண்டு வாரும்" என்றேன்.

"குசினியிலை கிடக்கு. வேணுமெண்டால் நீங்களே எடுத்து வையுங்கோ" என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, நானே குனிந்து வைத்தேன். சாமியை நம்பி வைத்தேன் என்று அவள் நினைக்கட்டும். என்னை நம்பாமல்தான் வைத்தேன்.