உரம் போடாத மேடு

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் செய்த சமயம். என் மூத்தவனுக்கு இரண்டு மாதம். எனக்குத் தாய்ப்பால் போதவில்லை, பால் மாவைக் கரைத்துத்தான் கொடுத்தேன். நைனார்பாளையத்துப் பக்கம் எங்கள் கிணற்றுக்கு நல்ல பெயர். சுற்றிலும் எங்கள் கரும்புதான். மாமனார் யூரியாவை வாரி இறைப்பார். கம்மியாகப் போடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

நான் வேறு பெரிய சுத்தக்காரி. புட்டிப்பாலுக்கான தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சுவேன். மாமியார் அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் காலையில் பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பூத்துக் கிடந்தன. மாமியார் திருஷ்டி என்று மிளகாய் சுற்றினார். நானும் கணவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சின்னசேலம் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். பஸ் ஓடவில்லை. வழியை அடைத்துக் கிடந்த புளியமரம் என் கணவரும் அவருடைய கூட்டாளிகளும் வெட்டிப் போட்டது. அதன்மேல் ஏறி நின்றுதான் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினார்.

டாக்டர் மருந்து ஏற்றிப் பிள்ளையைப் பிழைக்க வைத்தார். பிறகு கிணற்றைப் பற்றிக் கேட்டார்.

"வருஷக்கணக்கா போட்ட உரம் தண்ணியில எறங்கிக்கினு இருக்குது. பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கைக்கொழந்தைக்கு ரத்தமே கெட்டுப்பூடும்."

"நல்லா சுண்டக் காய்ச்சித்தான் சார் குடுத்தேன்."

"உப்புத் தண்ணிய சுண்ட வெச்சா உப்பு கம்மியாவுமாம்மா? ஜாஸ்திதான் ஆவும். இன்னொரு தடவ இப்படி வந்தா என்னால காப்பாத்த முடியாது. பயிர் வெக்காத எடத்துத் தண்ணியா பாத்து மாத்துங்க."

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பெற்ற பிள்ளைக்கு விஷத்தைப் பக்குவமாகக் காய்ச்சி ஊட்டியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் பயிர் வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். எங்களிடம் கூலிக்கு வருகிறவர்கள் குடியிருந்த காலனி மேடு. அவர்களுக்கு நிலமே கிடையாது, உரத்துக்கு எங்கே போவார்கள்? அங்கே அரசாங்கம் போட்ட அடிபம்பு ஒன்று இருந்தது. மறியல் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டு ஆண்களுக்கும் அந்தத் தெருவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கணவர் போக மறுத்துவிட்டார். மாமியாரோ அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வரவே கூடாது என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

பம்படியில் எங்கள் கரும்புக்குக் களை வெட்ட வருகிற பெண் நின்றிருந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை. நான் விஷயத்தைச் சொன்னதும் தன் குடத்தை நகர்த்திவிட்டுப் பம்பை அடிக்கத் தொடங்கினாள். தண்ணீர் விழுந்த வேகத்தில் என் குடம் சாய்ந்தது. பிடிக்கக் குனிந்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பாத்திரத்தை அவர்கள் தொடக்கூடாது என்பது வழக்கம்.

"கொடத்த புடிக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

பிடி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் நான் திரும்பி, எங்கள் தெருப் பக்கமிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். யாருமில்லை. "புடி" என்றேன்.

நான் திரும்பிப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். பம்பின் கைப்பிடியை விட்டுத் தள்ளி நின்றாள்.

"வேணாங்க. கொழந்த குடிக்கற தண்ணி. நீங்களே அடிச்சிக்குங்க."